பியானோவில் இராகம் தேடிய ஜோதிரிந்திரநாதர்

தொழில் நாடியும் பணி நாடியும் தென்னாட்டினின்று போந்து இக்கல்கத்தா மாநகரில் குடியேறிய தமிழராகிய நாம், இந்நகரத்தார் போற்றும் பெரியோரின் வரலாறுகளை அறிந்துகொள்ளுதல் நம் கடமைகளுள் ஒன்றாகும். இரவீந்திரநாத தாகூரின் திருப்பெயரை அறியாதார் நம்முள் ஒருவரும் இலர். எனினும், அவரைத் தம் அருகில் அமர்த்திப் பாட்டுக் கட்டும் பழக்கத்தைத் தந்த தமையனாரைப் பற்றி நம்மவருள் அறிந்தார் சிலரே. அவர்தாம் ஜோதிரிந்திரநாத தாகூர். மேனாட்டாரின் பியானோவில் இந்துஸ்தானி இராகங்களை ஏற்றிப் பார்த்த பெருமுயற்சி அவருடையது. அம்முயற்சி எதில் வென்றது, எதில் தோற்றது, தோற்ற இடத்தினின்றும் என்ன நன்மை விளைந்தது என்பவற்றை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து இவ்வாண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

கல்கத்தாவின் வடபகுதியில் ஜோராசாங்கோ என்னும் இடத்திலுள்ள தாகூர் மாளிகையில் 1849ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஜோதிரிந்திரநாதர் பிறந்தார். பெருவணிகராக விளங்கிய துவாரகநாத தாகூர் அவருடைய பாட்டனார். பிரம சமாஜத்தின் தூணாக நின்ற மகரிஷி தேவேந்திரநாதர் அவருடைய தந்தையார். மகரிஷியின் மக்களுள் இவர் ஐந்தாம் புதல்வர். மூத்தவராகிய துவிஜேந்திரநாதர் மெய்ப்பொருளாய்விலும் கவிதையிலும் தோய்ந்தவர். அடுத்தவராகிய சத்யேந்திரநாதர் இந்திய சிவில் சர்வீசில் சேர்ந்த முதல் இந்தியர். கடைக்குட்டிகளுள் ஒருவராகிய இரவீந்திரநாதர் 1861ஆம் ஆண்டில் பிறந்தவராதலின், இவருக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர்.

அம்மாளிகையில் இசை அன்றாட உணவைப் போன்றது. விஷ்ணு சக்கரவர்த்தி என்னும் பாடகர் சமாஜத்தின் வழிபாட்டிலும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் ஈடுபட்டிருந்தார். துருபதம் முதலிய இந்துஸ்தானி இசை வகைகள் பிள்ளைகளின் செவியில் இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தன. ஜோதிரிந்திரநாதர் பிரெசிடென்சி கல்லூரியில் சேர்ந்து பயின்றாரேனும், அவருடைய உள்ளம் பாடப் புத்தகத்தில் நிலைகொள்ளவில்லை. உறவினரோடு கூடி வீட்டிலேயே ஜோராசாங்கோ நாடகசாலையைத் தோற்றுவித்தார். 1867ஆம் ஆண்டில் அங்கே நவநாடகம் என்னும் நாடகம் அரங்கேறியபோது நடியின் வேடம் பூண்டு நடித்தார்.

அவ்வாண்டிலேயே தமையனார் சத்யேந்திரநாதருடன் மேற்கிந்தியாவுக்குச் சென்று அகமதாபாத்தில் தங்கினார். அங்கே சித்தார் பயின்றார். பிரெஞ்சு மொழியையும் மராத்தியையும் கற்றார். வந்த இடத்து மொழியையும் இசையையும் வாரி எடுத்துக்கொள்ளும் இவ்வியல்பு அவருக்கு வாழ்நாள் முழுதும் நீங்காதிருந்தது. கல்கத்தா திரும்பியபின் 1868ஆம் ஆண்டில் காதம்பரி தேவியாரை மணந்தார். 1869 முதல் ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் ஆதி பிரம சமாஜத்தின் செயலாளராகப் பணியாற்றினார். வழிபாட்டுப் பாடல்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பதும் அவருடைய தொண்டுகளுள் ஒன்றாயிருந்தது.

மாடியறையில் வந்த பியானோ

1870களின் பிற்பகுதியில் மாளிகையின் மேல்மாடி அறையில் ஒரு பியானோ வந்து சேர்ந்தது. அக்காலத்துக் கல்கத்தாவில் பியானோ வெள்ளையர் வீடுகளிலும் செல்வர் மாளிகைகளிலும் காணப்பட்ட பொருளே. பலர்க்கு அது செல்வத்தைக் காட்டும் அலங்காரமாய் இருந்தது; கற்றவர்களும் மேனாட்டுச் சிறு பாட்டுகளை வாசித்தலோடு அமைந்தனர். ஜோதிரிந்திரநாதரோ அதன்முன் அமர்ந்து, தம் செவியில் ஊறியிருந்த இராகங்களை அதன் கட்டைகளில் தேடலானார்.

அத்தேட்டம் எத்துணை அரிது என்பதை இசை வல்லுநரல்லாதாரும் உணருமாறு சிறிது விளக்குவோம். வீணையிலோ சித்தாரிலோ கம்பியை மீட்டிய பின்னும் விரலால் அதனை இழுத்து ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்துக்கு இழைந்து செல்லலாம். இதனை வடநாட்டார் மீண்டு என்பர். நம் நாட்டார் ஜாரு என்பர். பியானோவில் கட்டையை அழுத்தியவுடன் கம்பளம் பொதிந்த சிறு சுத்தியல் கம்பியை அடித்து மீள்கின்றது. அதன்பின் அவ்வொலியின் உயரத்தை மாற்ற வாசிப்போனால் இயலாது. அது தானே தேய்ந்து மறையும். ஆகவே மீண்டும் இல்லை, அசைவும் இல்லை, கமகமும் இல்லை. தர்பாரி கானடாவின் காந்தாரம் மெல்லென ஊசலாடி நிற்பதனாலன்றோ அவ்விராகம் தன் கம்பீரத்தைப் பெறுகின்றது! பியானோவில் அக்காந்தாரம் ஆணி அடித்தாற்போல ஓரிடத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது இடர் சுரத்தானம் பற்றியது. மேனாட்டார் ஒரு ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு பகுதிகளாகப் பகுத்துப் பியானோவைச் சுருதி கூட்டுகின்றனர். ஸ்தாயி முழுவதையும் 1200 நுண்கூறுகளாகக் கொண்டால் ஒவ்வொரு கட்டைக்கும் இடையே 100 கூறுகள் நிற்கும். தம்புராவின் ஒலியோடு இயற்கையாக இயைந்து நிற்கும் சுத்த காந்தாரம் ஷட்ஜத்தினின்று சுமார் 386 கூறு உயரத்தில் உள்ளது. பியானோவின் காந்தாரமோ 400இல் நிற்கின்றது. பஞ்சமம் 702க்கு 700 ஆதலின் அதில் வேறுபாடு அற்பமே. கோமள காந்தாரம் 316க்கு 300 எனத் தாழ்ந்துவிடுகின்றது. பழகிய செவிக்கு இவ்வேறுபாடுகள் நன்கு புலப்படும். இருபத்திரண்டு சுருதி எனக் கணக்கிட்ட நம் முன்னோரின் இசையைப் பன்னிரண்டு கட்டைக்குள் அடக்க முயல்வது, பெரிய குடும்பத்தைச் சிறிய வீட்டில் குடிவைப்பது போன்றதே.

ஜோதிரிந்திரநாதர் சித்தார் பயின்றவராதலின் இக்குறைகளைக் கைப்பழக்கத்தாலேயே அறியத்தக்கவர். ஆயினும், இக்கருவியால் என்ன இயலாது என்று கணக்கிட்டு ஒதுங்காமல், என்ன இயலும் என்று ஆராயப் புகுந்தார். பியானோவுக்கு விரைவு உண்டு. மந்திரம் முதல் தாரம் வரை பல ஸ்தாயிகளில் ஒரே வேளையில் உலவும் ஆற்றல் உண்டு. அடிக்கும் விசைக்கேற்ப மென்மையும் வன்மையும் காட்டும் திறன் உண்டு. தாளத்தை முத்துக் கோத்தாற்போலத் தெளிவாக எடுத்துக்காட்டும் இயல்பும் உண்டு. எனவே, ஆலாபனையின் நீண்ட இழைவினை விடுத்து, இராகத்தின் சுரக் கோவைகளை எடுத்து, அவற்றை விரைவாகவும் துள்ளலாகவும் செலுத்திப் பார்த்தார். வழக்கமாக நிதானமாக நடைபோடும் இராகங்கள் ஓடவும் குதிக்கவும் தொடங்கின. அவ்வாறு நடை மாறியவுடன், அவற்றுள் அதுகாறும் ஒளிந்துகிடந்த சினமும் நகையும் வியப்பும் வெளிப்பட்டன. இராகங்கள் வாய் திறந்து பேசுவனபோலத் தோன்றினவென்று, அருகிருந்து கேட்ட இளவலார் பின்னாளில் தம் நினைவுநூலில் எழுதினார்.

இருபுறமும் இரு கவிஞர்

அம்மாடியறையின் காட்சியை நாம் மனக்கண்ணால் காண்போம். நடுவில் ஜோதிரிந்திரநாதர் பியானோவில் கை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒருபுறம் அட்சய சந்திர சௌதுரி என்னும் கவிஞர். மறுபுறம் இளைஞர் இரவீந்திரநாதர். புதிய மெட்டுகள் மழைபோலப் பொழிகின்றன. பிறந்த மெட்டு மறந்து போகாதவாறு அக்கணமே சொற்களை அமைத்துக் கட்டிவைப்பது அவ்விருவர்க்கும் இட்ட பணி. பாட்டு எழுதி அதற்கு மெட்டமைப்பது உலக வழக்கு. இங்கோ மெட்டு முன்னே ஓடச் சொல் பின்னே ஓடிப் பிடித்தது. இரவீந்திரநாதரின் பாடற்பயிற்சி இவ்வாறே தொடங்கியது. தமையனார் தம்மைச் சிறுவனென்று ஒதுக்காமல் தோழனாக நடத்தினார் என்பதை அவர் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1875ஆம் ஆண்டில் ஜோதிரிந்திரநாதரின் சரோஜினி நாடகம் அச்சாகும்போதே, உரைநடைப் பேச்சாயிருந்த ஓரிடத்துக்குப் பதினான்கு வயதினராகிய இளவல் ஒரு பாட்டு எழுதித் தர, அதனைத் தமையனார் உவந்து ஏற்றுக்கொண்ட செய்தியும் உண்டு.

1878ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இரவீந்திரநாதர் 1880ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாட்டுகளையும் கேட்டறிந்து மீண்டார். இரண்டும் கலந்த விளைவே வால்மீகி பிரதிபா என்னும் இசை நாடகம். 1881ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜோராசாங்கோ மாளிகையில் அறிஞர் கூட்டத்தின் முன் அது அரங்கேறியது. இரவீந்திரநாதரே வால்மீகியாக நடித்தார். தமையன் மகள் பிரதிபா கலைமகளாகத் தோன்றினார். அந்நாடகத்தின் மெட்டுகளுள் பல இந்துஸ்தானி இராகங்களை ஒட்டியவை. சில ஜோதிரிந்திரநாதரின் கருவியிசை மெட்டுகளினின்று பிறந்தவை. கொள்ளையர் பாட்டுகளில் இரண்டுக்கு ஆங்கில மெட்டும், வனதேவதைகளின் புலம்பலுக்கு ஐரிஷ் மெட்டும் அமைந்தன. 1882ஆம் ஆண்டில் காலமிருகயா என்னும் இசை நாடகம் அரங்கேறியபோது, இளவலார் கண்ணிழந்த முனிவராகவும் தமையனார் தசரதராகவும் நடித்தனர்.

இவற்றில் நாம் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கச்சேரி மேடையில் ஓர் இராகத்தை மணிக்கணக்காக விரித்துரைக்கும் கலைக்குப் பியானோ உதவவில்லை. நாடக மேடையில், கணத்துக்குக் கணம் மாறும் மெய்ப்பாடுகளைப் பாட்டாலேயே உணர்த்தும் கலைக்கு அது பெரிதும் உதவியது. கருவி தன்னால் இயன்றதை ஈந்தது. அதனைக் கொள்ளும் இடம் எது என்று கண்டவர் ஜோதிரிந்திரநாதர். தென்னாட்டில் வயலின் என்னும் மேனாட்டுக் கருவி முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் காலந்தொட்டு நம் கச்சேரிகளில் இடம்பெற்றுவிட்டமையை நாம் அறிவோம். வயலினில் மெட்டுகள் பதிக்கப்படவில்லையாதலின் விரல் எங்கு வேண்டினும் நழுவும்; நம் கமகங்கள் யாவும் அதில் அமையும். பியானோவுக்கு அப்பேறு இல்லை. ஒரே மேனாட்டினின்று வந்த இரு கருவிகளுள் ஒன்று நம் வீட்டு மகளாகவும் மற்றொன்று மதிப்பிற்குரிய விருந்தாகவும் அமைந்தமைக்குக் காரணம் இதுவே.

இடியும் புயலும்

1884ஆம் ஆண்டு ஜோதிரிந்திரநாதரின் வாழ்வில் இருள் சூழ்ந்த ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் துணைவியார் காதம்பரி தேவியார் இருபத்தைந்தாம் அகவையிலேயே தம் உயிரைத் தாமே நீத்தார். மாடித் தோட்டத்தில் மாலைதோறும் கூடிய இசையரங்கிற்கும் இலக்கியப் பேச்சிற்கும் உயிராய் இருந்தவர் அவ்வம்மையார். அவர் மறையவே அக்கூட்டம் கலைந்தது. ஜோதிரிந்திரநாதருக்கு அப்போது அகவை முப்பத்தைந்துதான். எனினும் மறுமணத்தை நாடாமல் எஞ்சிய நாற்பதாண்டுகளையும் தனிமையிலேயே கழித்தார்.

அவ்வாண்டிலேயே அவர் மேற்கொண்ட கப்பல் தொழிலும் அவரைச் சோதித்தது. நம்மவரும் நீராவிக் கப்பல் ஓட்டவேண்டும் என்னும் ஆர்வத்தால் ஏலத்தில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு கப்பலின் வெற்றுடலை வாங்கினார். அதனைச் செப்பனிட்டுச் சரோஜினி எனப் பெயர் சூட்டிக் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஓட்டினார். பின்னர் வேறு கப்பல்களும் சேர்ந்தன. எதிரே ஓர் ஐரோப்பியக் கம்பெனி போட்டியிட்டது. கட்டணம் குறைந்தது, பின்பு பயணிகளுக்குச் சிற்றுண்டியே இலவசமாக வழங்கப்பட்டது. நட்டம் நாளுக்கு நாள் பெருகியது. இறுதியில் சுதேசி என்னும் கப்பல் ஹௌரா பாலத்தில் மோதி மூழ்கியதோடு தொழிலும் முடிவுற்றது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் கப்பல் ஓட்டத் துணிந்ததற்கு இருபதாண்டு முன்னரே வங்கத்து ஆறுகளில் இப்போட்டி நிகழ்ந்தது என்பதை நினைக்கும்போது தமிழராகிய நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அத்துயர்களுக்குப் பின்னும் அவரை இசை கைவிடவில்லை. அவரும் இசையைக் கைவிடவில்லை. 1880களின் பிற்பகுதியில் மாக மாத விழாவுக்காக இரவீந்திரநாதர் புதிய பாடல்கள் இயற்றியிருந்தார். சின்சுராவில் தங்கியிருந்த தந்தையார் இருவரையும் தம்மிடம் வரவழைத்து, தமையனாரை ஆர்மோனியம் வாசிக்கப் பணித்து, இளவலாரை அப்பாடல்களைப் பாடச் செய்து கேட்டார். பாடி முடிந்தவுடன் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு காசோலையை இரவீந்திரநாதர் கையில் வைத்தார். பரிசு பெற்றவர் இளவல். கட்டைகளின்மேல் கைவைத்துத் துணைநின்ற தமையனார், தம் கையால் வளர்ந்த பயிர் கதிர் முற்றியதைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்றே நாம் எண்ணுகின்றோம்.

சுரத்துக்கு எழுத்து

ஓடி மறையும் மெட்டைப் பிடித்துவைக்கும் பணிக்கு இரு கவிஞரை அமர்த்தியவர், அதனினும் உறுதியான வழி ஒன்றைத் தேடினார். அது சுரக்குறிப்பு முறையாகும். அக்காலத்து வங்கத்தில் இதுபற்றி வழக்கு மிக்கிருந்தது. சௌரீந்திர மோகன தாகூரும் அவருடைய ஆசான் க்ஷேத்திரமோகன கோஸ்வாமியும் ஒரு முறையைக் கையாண்டனர். கிருஷ்ணதன பந்தோபாத்தியாயரோ 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட கீதசூத்திரசாரத்தில் மேனாட்டுக் கோட்டுமுறையே சிறந்தது என வாதித்தார். துவிஜேந்திரநாதரும் ஒரு முறை வகுக்க முயன்றிருந்தார். ஜோதிரிந்திரநாதர் இவற்றை ஆராய்ந்து ஆகாரமாத்திரிக முறையை உருவாக்கினார்.

அதன் நுட்பம் எளிமையே. ஸ, ர, க, ம, ப, த, ந என்னும் வங்க எழுத்துகளே ஏழு சுரங்கள். கோமள சுரங்களுக்கும் தீவிர மத்திமத்துக்கும் வேறு தனி எழுத்துகள் வகுக்கப்பட்டன. எழுத்தின்பின் ஆகாரக் குறி ஒன்று நின்றால் ஒரு மாத்திரை. நம் தமிழில் கால் என வழங்கும் குறியை அது ஒத்தது. இதனாலேயே அம்முறைக்கு அப்பெயர் ஏற்பட்டது. மந்திர ஸ்தாயிக்கு எழுத்தின் கீழும் தார ஸ்தாயிக்கு எழுத்தின் மேலும் அடையாளம் இடப்பட்டது. ஆதலின், புதிய அச்சுகள் வார்ப்பிக்க வேண்டிய பெருஞ்செலவின்றி, வழக்கமான வங்க அச்சுக்கூடத்திலேயே இசையை அச்சிடலாயிற்று. பியானோ வாசித்தவர் மேனாட்டுக் கோட்டுமுறையை அப்படியே தழுவியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல், தாய்மொழி எழுத்திலேயே இசையை எழுதச் செய்தது கருதத்தக்கது.

1897ஆம் ஆண்டில் வீணாவாதினி என்னும் இசை இதழையும், 1901ஆம் ஆண்டில் சங்கீத பிரகாசிகா என்னும் இதழையும் தொடங்கிப் பல பாடல்களைச் சுரக்குறிப்போடு வெளியிட்டார். புனாவில் கண்ட காயன் சமாஜத்தை மனத்திற் கொண்டு கல்கத்தாவில் பாரத சங்கீத சமாஜத்தை 1897ஆம் ஆண்டில் நிறுவினார். தென்னாட்டிலும் அக்காலத்தில் இதையொத்த உழைப்பு நிகழ்ந்தது. 1893ஆம் ஆண்டில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் கோட்டுமுறையில் எழுதி வெளியிட்டார்; எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை வெளியிட்டார். செவிவழிச் செல்வம் அழிந்துபோகுமோ என்னும் அச்சம் வடகிழக்கிலும் தெற்கிலும் ஒரே காலத்தில் அறிஞர் நெஞ்சை உறுத்தியது போலும்.

இறுதிக் காலம்

சமஸ்கிருத நாடகங்கள் பலவற்றையும் மோலியேரின் பிரெஞ்சு நாடகங்களையும் இவர் வங்கத்தில் ஆக்கினார். முதுமையில் திலகரின் கீதா ரகசியத்தை மராத்தியினின்று மொழிபெயர்த்தார். கண்டவர் முகங்களைக் கரிக்கோலால் வரைவது அவருடைய மற்றொரு பழக்கம். 1889ஆம் ஆண்டில் பாவுல் பாடகர் லாலன் பக்கீரை அவர் வரைந்த ஓவியம் இன்றும் போற்றப்படுகின்றது. ஆங்கில ஓவியர் ரோதன்ஸ்டைனின் முயற்சியால் 1914ஆம் ஆண்டில் அவருடைய ஓவியங்களுள் இருபத்தைந்து இலண்டனில் நூல்வடிவம் பெற்றன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அவர் ராஞ்சியில் மோராபாதிக் குன்றின்மேல் சாந்திதாமம் என்னும் இல்லம் அமைத்து அங்கே வாழத் தொடங்கிவிட்டார். அக்குன்று இன்று தாகூர் குன்று என வழங்குகின்றது. 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் ராஞ்சியிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்தபின் கட்டைக் கருவிகளின்மேல் எழுந்த வழக்கு ஓயவில்லை. 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களினின்று விலக்கியது. நுண்சுருதி இல்லை, இழைவு இல்லை என்பனவே அதன்மேல் சாட்டிய குற்றங்கள். அவ்விலக்கினை இரவீந்திரநாதரும் ஆதரித்தார். கட்டைகளின் அருகமர்ந்து பாட்டுக் கட்டப் பழகியவரே கட்டைகளை வேண்டாமென்றமை நமக்கு முதலில் வியப்பளிக்கின்றது. சற்று எண்ணிப் பார்ப்பின் வியப்பு நீங்கும். மெட்டு ஆக்குவதற்குப் பயன்பட்ட கருவி, பாடும் குரலை அடக்கி ஆளத் தலைப்படின் அதனை விலக்குதலே முறை என்று அவர் கருதினார் போலும். 1970களின் தொடக்கத்தில் அவ்விலக்கு தளர்ந்தது. பம்பாயில் பிறந்து இக்கல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்ட வி. பால்சாரா போன்றோர் பின்னரும் பியானோவில் நம் நாட்டு மெட்டுகளை வாசித்து மக்களை மகிழ்வித்தனர். எனினும் இந்துஸ்தானி இசை மேடையில் பியானோவுக்கு நிலையான ஆசனம் கிட்டவில்லை.

அங்ஙனமாயின் ஜோதிரிந்திரநாதரின் உழைப்பு வீணாயிற்றோ? இல்லை என்போம் நாம். அவர் பியானோவில் தேடிய இராகம் பியானோவில் தங்கவில்லை; அருகிருந்த இளைஞரின் நாவில் தங்கியது. அம்மெட்டுகளைக் காக்க அவர் வகுத்த குறிப்பு முறையிலேயே இரவீந்திரநாதரின் பாடல்கள் சுரவிதானம் என்னும் தொகுதிகளாக அச்சேறின. இன்றும் வங்கத்துச் சிறுமியர் ஆர்மோனியத்தின்முன் அத்தொகுதியை விரித்துவைத்துப் பாடும் குரல் நம் தெருக்களில் மாலைதோறும் கேட்கின்றது. அக்குரலைக் கேட்கும்போது, அதன் அடியில் உழைத்த தமையனாரையும் ஒரு கணம் நினைப்போமாக.

வேற்றூரில் வாழும் நமக்கு அவர் வரலாறு ஒரு படிப்பினையும் தருகின்றது. பிறர் பொருளைக் கண்டு அஞ்சி ஒதுங்குதலும் தகாது; அதற்கு அடிமையாகித் தம் பொருளை இழத்தலும் தகாது. கையில் வந்ததை ஆராய்ந்து, இயைவதைக் கொண்டு, இயையாததை அறிந்து விடுத்து, முடிவில் தம் தாய்மொழிக்கு ஒரு செல்வம் சேர்த்தார் அப்பெரியார். ஜோராசாங்கோ மாளிகை இன்று அருங்காட்சியகமாக நம் நகரின் நடுவே நிற்கின்றது. விடுமுறை நாள் ஒன்றில் நம் மக்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்று, இரவீந்திரரின் பெயரோடு ஜோதிரிந்திரரின் பெயரையும் அவர்க்குச் சொல்லிவைப்போமாக.